ஓக்கு அலமாரிக்கு ஐந்து பட்டை

கல்யாணமாகி நான் ஆரம்பாக்கத்துக்கு வந்தபோது, அந்த வீட்டில் எனக்கு முன்பே ஒரு புதுப்பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். சமையலறை அலமாரியைத்தான் சொல்கிறேன். என்னைப் பார்க்க என்று வந்த சொந்தக்காரர்கள், வெற்றிலையைக் கையில் வாங்கினதும், "அலமாரி எங்க கீது?" என்று உள்ளே போய்விடுவார்கள். பட்டுப்புடவையும் நானும் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருப்போம். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். அந்த அலமாரியோடு எனக்கு முதல் வாரமே ஒத்துப்போகவில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பார்த்தார். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். சீமையிலிருந்து கப்பலில் வரும் இயந்திரங்கள் அங்கே ஆள் உயர மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். இயந்திரத்தை வெளியே எடுத்ததும் பெட்டியைக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் அந்தப் பலகைகளை மாட்டுக் கொட்டகைக்கும் கோழிக்கூண்டுக்கும் கொண்டுபோனார்கள். இவர் மட்டும் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு இது என்ன மரம் என்று இன்ஜினீயரிடம் கேட்டிருக்கிறார். "ஓக்" என்று அவர் வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்துதான் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். எங்கள் வீட்டில் அது ஓக்கு ஆனது. ஓக்கு மரத்தில் கோழிக்கூண்டு செய்வதாவது என்று இவர் அதை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து, தச்சரை உட்காரவைத்து, சமையலறைச் சுவர் முழுக்க அலமாரி அடித்துவிட்டார். மேலே மூன்று கதவு, கீழே மூன்று கதவு.

தச்சர் கெட்டிக்காரர், ஆனால் இங்கிலீஷ் அம்புக்குறிக்கும் அவருக்கும் பழக்கமில்லை. 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டுகிற அம்பு ஒரு கதவில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கதவில், உடையும் பொருள் என்பதற்காகக் கோப்பைப் படம் அச்சடித்திருந்தது. "டம்ளர் வைக்கிற எடம்னு அவனே போட்டுக் குடுத்துட்டாம்பா" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, அதிலேயே டம்ளர்களை அடுக்கிவிட்டார்கள்.

சமையலறை என்னவோ இருட்டுக் குகை. விறகடுப்புப் புகை ஏறி ஏறிச் சுவர் எருமைத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு சின்ன சன்னல், ஒரு மங்கல் பல்பு. அதில் இந்தப் பழுப்பு அலமாரியும் சேர்ந்துகொண்டால் எப்படியிருக்கும்? நான் திருவள்ளூர்க்காரி. என் அப்பா கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிக்கிறவர். கோர்ட்டு, ஆபீஸ், மின்சார ரயில் என்று பார்த்து வளர்ந்தவள் என்கிற மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. பொங்கலுக்குள் இந்தச் சமையலறைக்கு நல்ல நிறம் அடித்துக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன். இளம் ரோஸ் சுவர், அலமாரிக்கு வார்னிஷ், பளபளவென்று. அவ்வளவுதான் என் ஆசை.

அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டது. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், சமைக்கும்போது ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து விரலை விட்டு நக்கிப் பார்ப்பார். முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்புறம் ஒரு நாள், ரசத்துக்கு உப்புப் போட்டுவிட்டு, அதே ரசத்துக்கு மறுபடியும் உப்புப் போட்டார். கதவைத் திறக்கப் போனவர் இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்.

"அத்த, உங்களுக்குக் கண்ணு தெரியலியா?" என்று பட்டென்று கேட்டுவிட்டேன்.

"யாருக்கு? எனக்கா? வயல்ல மேயிற கொக்க எண்ணிச் சொல்லட்டா?"

நான் கையை உயர்த்திக் காட்டி, "இது எத்தினி விரலு, சொல்லுங்க" என்றேன்.

அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கொஞ்சமும் தயங்காமல், "மூணு" என்றார்.

நான் காட்டிக்கொண்டிருந்தது விரலே இல்லை, கரண்டி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அத்தை எத்தனையோ மாதங்களாக, பெற்ற மகனுக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்தார். அன்று மாலை விஷயம் தெரிந்ததும் இவர் அரண்டுபோனார். அடுத்த வாரமே மூவரும் திருவள்ளூருக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. ஆனால் இன்னும் முத்தவில்லை, முத்தினால்தான் எடுக்க முடியும், அடுத்த வருஷம் வாருங்கள் என்றார் டாக்டர். அந்தக் காலத்தில் வைத்தியம் அப்படி.

"இன்னா நைனா, இது நெல்லா, வெளைஞ்சதும் அறுக்கறதுக்கு?" என்றார் அத்தை. டாக்டரே சிரித்துவிட்டார்.

செய்தி கவரைப்பேட்டைக்குப் போனது. அங்கேதான் என் நாத்தனார், இவருடைய அக்கா, வாழ்க்கைப்பட்டிருந்தார். ரோட்டோரம் அவர்களுக்குச் சைக்கிள் கடை. மறுநாளே ரயிலேறி வந்துவிட்டார். அம்மா மேல் உயிர் அவருக்கு. ஆனால் அவருடைய பாசம் அதிகாரமாகத்தான் வெளியே வரும்.

"நீ சமைச்சது போதும்மா. நெருப்புக்கிட்ட கண்ணு தெரியாம நின்னுக்கினு எதுனா ஆயிடுச்சின்னா யாரு பதில் சொல்றது? எங்கூட வந்துடு. ஒரு மூலையில பாய் போட்டுத் தரேன், சொம்மா உக்காந்து துன்னுக்கினு இரு."

இவர்தான் சொன்னார்: "பொங்கல் வரைக்கும் டைம் குடுக்கா. காணும் பொங்கலுக்கு வந்து அம்மா சமைக்கிறதப் பாரு. பாத்துட்டு அப்பறம் சொல்லு."

"சரி, பாக்குறேன். ஒரே ஒரு டப்பா மாறுச்சின்னாலும் கையோட இட்டுக்கினு பூடுவேன், ஆமா" என்று விரலை ஆட்டிவிட்டு நாத்தனார் மாலை ரயிலுக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு அத்தை அடுப்பெதிரில் போய் உட்கார்ந்தார். "மூலையில உக்காந்து எவளோ போடுற சோத்தத் துன்றதுக்கு நான் இன்னா பூனையா?" என்று ஆரம்பித்தவர், சட்டென்று குரல் உடைந்து, "இந்த அடுப்பு இல்லன்னா நான் இந்த ஊட்டுல யாரும்மே?" என்றார். அதுவரை அவருடைய சமையலறையை என்னுடையதாக்கிக்கொள்ள நிறம் தேடிக்கொண்டிருந்தவள் நான். வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள யாரும் எங்கயும் இட்டுக்கினு போவ மாட்டாங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். எப்படித் தடுப்பது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

வெட்கப்பட்டேன் என்றேனே தவிர, ரோஸை விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. எப்படியும் சுவருக்கு ஏதாவது அடித்துத்தான் ஆகவேண்டும், அது ரோஸாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அம்மா வீட்டுக்குப் போனபோது திருவள்ளூர்க் கடைத்தெருவில் கலர் அட்டையை வெயிலில் காட்டி, நிழலில் காட்டி, கடைக்காரர் பொறுமையைச் சோதித்து, ரோஸ் பொடி பொட்டலம் வாங்கிவந்தேன். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பை இவர் வாங்கிவந்து தொட்டியில் ஊறப்போட்டார். மார்கழி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மட்டையைத் தோய்த்து முதல் இழுப்பு இழுத்தேன்.

கூத்துக்காரன் கன்னம் மாதிரி அப்பிக்கொண்டது. அத்தனை அடர்த்தி! "சுண்ணாம்ப ஊத்துங்க, சுண்ணாம்ப ஊத்துங்க" என்று கத்தினேன். இவர் ஊற்றினார். மறுபடி ஒரு இழுப்பு. அப்போதும் அடர்த்தியாகத்தான் தெரிந்தது. மறுபடி ஊற்றினார். இப்படியே நாலு தரம் ஆனபிறகுதான் என் மனசுக்குப் பிடித்த இளம் ரோஸ் வந்தது. நான்கு சுவரும் அடித்து முடித்து, இரண்டு பேரும் சுண்ணாம்புப் பிசாசுகளாகப் போய்க் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ரோஸைக் காணோம். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற சுண்ணாம்பு, காய்ந்ததும் வெளுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியவில்லை, ஃபிட்டருக்கு இரும்பு தெரியும், சுண்ணாம்பு எங்கே தெரிகிறது? உற்றுப் பார்த்தால் ஏதோ ஒரு மூலையில் ரோஸ் இருந்தாலும் இருக்கலாம் என்கிற மாதிரி ஒரு வெள்ளை. நான் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பதற்கேற்ப, கடைக்காரர் கலப்படப் பொடி கொடுத்துவிட்டார் என்று அவரையும் திட்டினேன்.

அப்போது அத்தை வாசற்படியில் வந்து நின்றார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இன்னாமே, சன்னலு எதுனா புதுசா வச்சீங்களா? இம்மாம் வெளிச்சமா கீது!"

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். கையை நீட்டித் தடவாமல், நேராகப் போய் அலமாரி முன்னால் நின்றார். "இது அலமாரி" என்று தொட்டுக் காட்டினார். வெள்ளைச் சுவரில் அந்தப் பழுப்பு மரம் அவருக்குத் தெரிந்துவிட்டது! நான் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்தக் கடைக்காரர் நன்றாயிருக்கட்டும் என்று அப்போதே மனசுக்குள் வாழ்த்தினேன்.

ஆனால் அலமாரி தெரிந்ததே தவிர, எது எந்தக் கதவு என்று தெரியவில்லை. ஆறும் ஒரே பழுப்பு. விரலால் தடவி எண்ணினால் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் அப்படித் தடவுவதை நாத்தனார் பார்த்தால் அந்த நிமிஷமே கதை முடிந்துவிடும். அத்தைக்கும் தடவுவது அவமானமாக இருந்தது.

இவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வேலையிலிருந்து வரும்போதே வாயெல்லாம் பல். தொழிற்சாலையில் குழாய்களுக்கெல்லாம் நிறப்பட்டை போட்டிருப்பார்களாம். தண்ணீர் போனால் பச்சை, காற்றுப் போனால் ஊதா, கேஸ் போனால் மஞ்சள். இருபது அடி உயரத்தில் ஓடினாலும் கீழே இருந்தே எதில் என்ன போகிறது என்று சொல்லிவிடலாம். "கதவு பூரா அடிக்க வோணாம். நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. போதும்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஓக்கு ஓக்குன்னு ஊரக் கூட்டிக் காட்டிட்டு, அது மேல மிஷினுக்கு அடிக்கிற பெயிண்டா? வார்னிஷ் போட்டா சோக்கா இருக்கும்னு நான் சொன்னப்ப 'பாக்கலாம் பாக்கலாம்'னீங்க!"

"வார்னிஷ் போட்டா நீ பாப்ப. அம்மா இன்னாத்தப் பாக்கும்?" என்றார். நான் எழுந்து போய், பெயிண்ட் துடைக்கப் பழைய துணியைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

கம்பெனி ஸ்டோரில் கேட்டு, டப்பா அடியில் மிஞ்சிய பெயிண்டுகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுத் தூக்கில் கொண்டுவந்தார். அந்தத் தூக்கில் சாப்பிட்ட சோறு பத்து நாளைக்கு டர்பன்டைன் வாசனை அடித்தது. மிஞ்சின ஓக்குத் துண்டுகளில் ஒவ்வொரு நிறத்தையும் அடித்துக் காயவைத்து, அத்தையை வாசற்படியில் உட்கார்த்தி நான் ஒவ்வொன்றாக அலமாரிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். இவர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார், ஏதோ பரீட்சை நடத்துகிற மாதிரி.

"இது இன்னா கலர் அத்த?"

"மஞ்சள். ஏன், எனக்குத் தெரியாதா?"

"இது?"

"செவப்பு."

"இது?"

அத்தை தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "பச்ச" என்றார் அத்தை. நான் பிடித்திருந்தது ஊதா. பச்சையைக் காட்டியபோது "அதான் இப்பவே சொன்னேனே" என்றார். இரண்டுமே அவருக்குப் பழுப்போடு பழுப்பாகப் போயின. பச்சையும் ஊதாவும் இல்லாமல் என்ன பட்டை என்று இவர் முகம் வாடிவிட்டது. "கம்பெனி ரூல்படி தண்ணிக்குப் பச்சதாம்மா" என்று அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார். "உங்க கம்பெனியில போயி சமைக்கட்டா நைனா நானு?" என்று அத்தை கேட்டதும் பென்சிலால் பச்சையை அடித்தார்.

கடைசியில் தேறியவை ஐந்து. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளிப்பூச்சு. கறுப்பு பழுப்பில் தெரியுமா என்று நான் சந்தேகப்பட்டேன். "இருட்டுக்குள்ள இருட்டு, அது தனியாத் தெரியுது" என்றார் அத்தை. வெள்ளிப்பூச்சு மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. எந்தக் கதவுக்கு எது என்பதில் இன்னொரு சண்டை. சிவப்பு மிளகாய்த் தூளுக்கு என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மஞ்சள் பருப்புக்கு, வெள்ளை உப்புக்கு, கறுப்பு எண்ணெய்க்கு, வெள்ளி சர்க்கரைக்கும் காபித் தூளுக்கும். சர்க்கரைக்குத்தான் வெள்ளை வேண்டும் என்று நான் கேட்டுப் பார்த்தேன். "ஊட்டுக்குப் பெருசு உப்பா சக்கரையா?" என்று அத்தை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். கோப்பைப் படம் போட்ட ஆறாவது கதவுக்குப் பட்டை இல்லை. இவர் நூல் பிடித்து, அளவெடுத்து, கை நடுங்காமல் அடித்தார். அலமாரியைப் பார்க்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ணைக் குத்துகிற அந்தக் கோரத்தை எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் மூன்றே நாளில் அத்தை வாசற்படியிலிருந்து நேராக நடந்து, நேராகக் கையை நீட்டி, நேராக உப்பை எடுத்தார். விரலை நக்குவது நின்றுபோனது. ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தார். பொங்கல் வந்தபோது நாங்கள் மூவரும் அந்த நாத்தனாரை வரச்சொல்லு பார்ப்போம் என்கிற தைரியத்தில் இருந்தோம்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன்.

காணும் பொங்கல் அந்த வருஷம் வெள்ளிக்கிழமையில் வந்தது. விடிந்ததும் தலைக்குக் குளித்து, நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். நாத்தனார் வருகிற நாள், வீடு மங்களகரமாக இருக்கட்டுமே என்று உலக்கைக்கு வைத்தேன், அம்மிக்கு வைத்தேன். கிண்ணத்தில் மஞ்சள் மிச்சமிருந்தது. அலமாரியும் இந்த வீட்டு லட்சுமிதானே, பாவம், முதல் பொங்கல். கதவு மரம் சொரசொரப்பு, அதில் பூசினால் திட்டுத்திட்டாகப் படிந்தது. பட்டை வழவழப்பு. ஆகவே ஆறு கதவிலும், பட்டை இருந்த இடத்தில் பட்டை மேலேயே, கைநிறைய அள்ளி, நாலு விரலால் இழுத்துப் பூசினேன். நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். தூர நின்று பார்த்து, என்ன அழகு என்று நானே மெச்சிக்கொண்டு கோலம் போட வாசலுக்குப் போனேன்.

கோலம் முடிவதற்குள் இவர் ஸ்டேஷனிலிருந்து அக்காவையும் மச்சானையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் பின்னாலேயே உள்ளே ஓடினேன். சமையலறையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரி முன்னால் அத்தை கையில் டப்பாவோடு திகைத்து நின்றிருந்தார்.

"இன்னாடி இது," என்றார் மெதுவாக, "எங்க பாத்தாலும் மஞ்சளா கீது. நான் எங்க நிக்கிறேன்னே தெரியல."

கையிலிருந்தது சர்க்கரை டப்பா. கரண்டியில் ஒட்டியிருந்ததும் சர்க்கரை. பத்து நாளுக்கு மேலாகக் கண்ணை நம்பிப் பழகியவருக்கு, கையால் எண்ணுகிற வித்தை மறந்துவிட்டிருந்தது. அந்தக் கண்ணை நான் என் கையாலேயே கட்டிவிட்டிருந்தேன்.

நான் யோசிக்கவில்லை. முந்தானையை நனைத்து, முதல் கதவில் மஞ்சளையும் குங்குமத்தையும் சேர்த்து ஒரே இழுப்பில் துடைத்தேன். இரண்டாவது கதவுக்குப் போகும்போது பின்னால் நாத்தனார் குரல்.

"ஐயையோ! வெள்ளிக்கெழம அதுவுமா மஞ்ச குங்குமத்தத் தொடைக்கிறியே, நீ இன்னா பொண்ணு!"

"குங்குமம் நாளைக்கு வச்சிக்கலாம். இன்னிக்கு அத்தைக்குக் கண்ணு வோணும்!" என்று கத்திக்கொண்டே மூன்றாவதைத் துடைத்தேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. புடவை போன இடமெல்லாம் சிவப்பும் மஞ்சளும்.

நாத்தனார் அடுப்புக்குப் போய்ச் சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "டப்பா மாறிப்பூட்ச்சி" என்றார்.

"சக்கரையப் போட்டது நாந்தான்" என்றேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். பொன்குடமே போகட்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

"பொய் சொல்லாதமே" என்றார் அத்தை. குரலில் நடுக்கமே இல்லை. "நாந்தான் போட்டேன். இவ பட்டையெல்லாம் மறைச்சிட்டா, போட்டுட்டேன். இப்பத் தொடச்சிட்டாயில்ல? நீ அப்படி உக்காரு. உக்காந்து பாரு."

பெற்ற மகளைத் தரையில் உட்காரவைத்துவிட்டு அத்தை ரசம் வைக்க ஆரம்பித்தார். பருப்பு என்று சொல்லிக்கொண்டே கை மஞ்சள் பட்டைக்குப் போனது. மிளகாய் என்றபோது சிவப்புக்கு. நிமிர்ந்து, நேராக, தடவாமல். தாளிக்க எண்ணெய் எடுத்தார், கறுப்பு. கடைசியில் உப்பு. வெள்ளைப் பட்டையைத் திறந்து, டப்பாவை நாத்தனார் மூக்குக்கு நேரே நீட்டி, "இது இன்னா, சொல்லு?" என்றார்.

"உப்பும்மா."

"நக்கிப் பாத்துட்டுச் சொல்லு. உனக்கும் கண்ணு தெரியுதான்னு எனக்குத் தெரிய வோணாம்?"

நாத்தனார் சிரிக்க நினைத்து அழுதுவிட்டார். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "நீ இங்கயே இரும்மா, இங்கயே இரு" என்றார். அத்தை ரசம் பொங்குகிறது, காலை விடு என்று அவரை உதறினார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் சர்க்கரைச் சாம்பாரைக் கொட்ட மறந்துபோய், பந்தியில் பரிமாறியும் விட்டேன். சைக்கிள் கடை அண்ணன் ஒரு வாய் எடுத்து வைத்து, நிதானமாக மென்று, "இது இன்னா சாம்பாரு, புது மாதிரியா கீது? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா" என்றார். ஊருக்குப் புறப்படும்போது நாத்தனார் என் கன்னத்தைக் கிள்ளி, "மூலையில உக்கார வைக்க வேண்டியது எங்கம்மாவ இல்ல, மஞ்சக் கிண்ணத்தோட திரியிற உன்னத்தான்" என்றார். வலித்தது. ஆனால் அந்தக் கிள்ளலில் கோபம் இல்லை.

அடுத்த வருஷம் புரை முத்தியது. திருவள்ளூரில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, சோடாபாட்டில் அடி மாதிரி கனத்த கண்ணாடி மாட்டிக்கொண்டு அத்தை வீடு திரும்பினார். செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்குத்தான் போனார். அலமாரியை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"அடக் கண்றாவியே! இது ஊடா, ரயில்வே கேட்டாடா?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். நூல் பிடித்து அடித்த மனுஷர் மட்டும் கொஞ்சம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அடுப்பு மூட்டட்டுமா என்று நான் கேட்டேன். நீ இங்கே வா என்று அத்தை என்னைச் சன்னலண்டை இழுத்துப்போனார். என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் பெரிதாக, ஈரமாக, என் நெற்றியிலிருந்து ஆரம்பித்து மெதுவாக இறங்கியது.

"இங்க ஒரு மச்சம் கீதா உனக்கு?" என்றார், என் மேலுதட்டைத் தொட்டு. "எவளும் எனக்குச் சொல்லலியே."

"இன்னா அத்த, பொண்ணு பாக்க வந்தீங்களே, அப்பப் பாக்கலியா?"

"அப்ப எங்கம்மே கண்ணு தெரிஞ்சிது? வெள்ளையா ஒரு மூட்டம், அதுல பொடவ கலரு ஒண்ணு ஆடுச்சி, அவ்ளோதான். காபியக் குடுத்துட்டு, 'சூடா கீது, பாத்துக் குடிங்க'ன்ன. யாருக்குமே தெரியாத என் கண்ணப் பத்தி இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிட்ட மாதிரியே இருந்துச்சி எனக்கு. இவதான்னு சொல்லிட்டேன். மூஞ்சி எப்பிடி இருந்தா இன்னான்னு வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட, அத்தனை பேர் நடுவில், நான் அப்படித் தலை குனியவில்லை.